மஞ்சள் கற்களின் தீவு

கரிபியக் கடலில் இருக்கும் பொனேர் தீவின் மேற்குக் கரையோரச் சாலையில் செல்வோர், சிறிது தொலைவுக்கு ஒருமுறை மஞ்சள் வண்ணம் பூசிய கல் ஒன்றைக் காண்பர். கல்லின்மேல் ஒரு பெயர் எழுதப்பட்டிருக்கும். அருகில் கடையோ, நுழைவுச்சீட்டு விற்கும் இடமோ, உயிர்காப்பாளரோ இருப்பதில்லை. ஆயினும் அந்தக் கல்லைக் கண்டதும் சிலர் வண்டியை ஓரங்கட்டுவர். வண்டியின் பின்புறத்திலிருந்து காற்றுக்கலன்களை இறக்கி முதுகில் மாட்டிக்கொள்வர். கரையிலிருந்து நடந்தே கடலுக்குள் இறங்குவர். சில நிமிடங்களில் அவர்கள் பவளப் பாறைத்தொடர் ஒன்றின்மேல் மிதந்துகொண்டிருப்பர். மஞ்சள் கல் என்பது அத்தீவில் முக்குளிப்புத் தளம் ஒன்றின் பெயர்ப்பலகை.

முக்குளிப்பு என்றதும் நம்மில் பலருக்குப் படகுதான் நினைவுக்கு வரும். சிப்பாடான் தீவுக்கோ ரெடாங் தீவுக்கோ முக்குளிக்கச் செல்வோர் பெரும்பாலும் படகில் ஏறிச் செல்கின்றனர். எந்த இடத்தில் இறங்குவது, எவ்வளவு ஆழம் போவது, எப்போது திரும்புவது என்பவற்றை உடன்வரும் வழிகாட்டி முடிவு செய்கிறார். பொனேரில் நடப்பது வேறு. அங்கே பயிற்சிச் சான்றிதழ் பெற்ற இருவர், ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தாங்கள் விரும்பிய நேரத்தில், தாங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் தாங்களே இறங்கலாம். கணவனும் மனைவியுமாக விடுமுறைக்கு வருவோர் பலர் இவ்வாறு ஒரு வாரம் முழுவதும் கரையிலிருந்தே முக்குளித்துவிட்டுத் திரும்புகின்றனர். வழிகாட்டி இல்லாத இந்தச் சுதந்திரம் எப்படிச் சாத்தியமாகிறது? வழிகாட்டி செய்யும் வேலையை அங்கே யார் செய்கிறார்கள்?

முதலில் தீவைப் பார்ப்போம். பொனேர், தென் அமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதன் பரப்பளவு 288 சதுரக் கிலோமீட்டர். அதாவது ஏறக்குறைய நம் பினாங்குத் தீவின் அளவு. ஆனால், மக்கள்தொகையோ சுமார் 25,000 மட்டுமே. 2010ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் முதல் அது நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சியாக இருந்து வருகிறது. டச்சு ஆட்சிமொழி, மக்கள் வீட்டிலும் தெருவிலும் பேசுவது பாப்பியமெந்து மொழி, கடையில் கொடுக்கும் பணமோ அமெரிக்க டாலர். தலைநகரின் பெயர் கிராலென்டைக். டச்சு மொழியில் இதற்குப் ‘பவள அணை’ என்று பொருள். பெயரிலேயே பவளத்தை வைத்திருக்கும் ஊர் என்பது வியப்பன்று. தீவின் பெரும்பகுதி பழைய பவளச் சுண்ணாம்புப் பாறையால் ஆனதுதான்.

இத்தீவின் வடிவம் வளைந்த கைவிரல்போல இருக்கும். ஆண்டின் பெரும்பகுதியும் கிழக்கிலிருந்து வாணிபக் காற்று விடாமல் வீசுகிறது. ஆகவே, கிழக்குக் கரையில் அலைகள் சீறிக்கொண்டே இருக்கும். அதே நேரத்தில் மேற்குக் கரை காற்றுக்கு முதுகைக் காட்டி அமைதியாக இருக்கும். மழை குறைவு, பெரிய ஆறு எதுவும் இல்லை. எனவே, சேறும் வண்டலும் கடலில் கலப்பது குறைவு. நீர் மிகத் தெளிவாக இருப்பதால், நல்ல நாளில் 30 மீட்டர் தொலைவுவரை கண்ணுக்குத் தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பவளப் பாறைத்தொடர் கரையை ஒட்டியே தொடங்குகிறது என்பது. பல இடங்களில் கரையிலிருந்து சில பத்து மீட்டர் நீந்தினாலே பாறைத்தொடரின் விளிம்பை அடைந்துவிடலாம். அவ்விளிம்பு ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்தில் இருக்கும். அங்கிருந்து அது சரிவாக இறங்கி 30 மீட்டரையும் தாண்டிச் செல்லும். படகு தேவைப்படாததற்குக் காரணம் இதுதான்.

இனி, ஒரு தம்பதியர் இத்தீவுக்கு ஒரு வார விடுமுறையில் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வந்த அன்றே அவர்கள் விரும்பிய கல்லுக்கு அருகில் போய் இறங்கிவிட முடியாது. கடற்பூங்காவுக்கான கட்டணத்தைச் செலுத்த வேண்டும். முக்குளிப்பு நிலையம் ஒன்றில் பூங்காவின் விதிகளைப் பற்றிய விளக்கத்தைக் கேட்க வேண்டும். அதன்பிறகு, அந்நிலையத்துக்கு அருகிலேயே ஆழம் குறைந்த இடத்தில் ஒருமுறை இறங்கி, உடலின் மிதப்பைச் சரியாகக் கட்டுப்படுத்த முடிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது. ஒவ்வொருவர் உடலும் ஒவ்வொரு விதமாக மிதக்கும். உடை மாறினால், கலன் மாறினால், ஏன், உடல் எடை சற்றுக் கூடியிருந்தாலும் இடுப்பில் கட்டவேண்டிய ஈயக்கட்டியின் எடை மாறும். எடை மிகுந்தால் உடல் பவளத்தின்மீது போய் மோதும். குறைந்தால், ஆழத்தில் நிற்கமுடியாமல் மேலே மிதந்துவிடும். இரண்டும் ஆபத்தே.

வாடகை வண்டியைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலும் அது பின்புறம் திறந்த பிக்கப் வண்டி. காலையில் நிலையத்தில் காற்று நிரப்பிய கலன்களை எடுத்து அதில் அடுக்கிக்கொள்ளலாம். கரையோரத்தில் நிறுத்தும்போது சன்னல்களைத் திறந்தே விட்டு, உள்ளே எதையும் வைக்காமல் போகும்படி வருவோருக்கு அறிவுரை கூறப்படுகிறது. கேட்பவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். எடுப்பதற்கு எதுவுமில்லை என்பதைத் திருட வருபவனுக்கு முன்கூட்டியே காட்டிவிட்டால், அவன் கண்ணாடியை உடைக்கமாட்டான் என்பதே இதிலுள்ள கணக்கு.

இந்த விடுமுறையின் உண்மையான கணக்கோ காற்றைப் பற்றியது. ஒரு கலனின் கொள்ளளவு 11 லிட்டர் என்று கொள்வோம். அதற்குள் காற்று, சாதாரண அழுத்தத்தைப்போல் 200 மடங்கு அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கிறது. எனவே, கலனில் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று இருக்கிறது. நிதானமாக நீந்தும் ஒருவர் நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றைச் சுவாசிப்பதாகக் கொண்டால், கலன் 110 நிமிடங்களுக்குப் போதும். ஆனால், நீருக்குள் போகப்போக ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு; 20 மீட்டரில் மூன்று மடங்கு; 30 மீட்டரில் நான்கு மடங்கு. சுவாசக் கருவி, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஏற்ற அழுத்தத்தில்தான் காற்றைத் தரும். இல்லையென்றால் நெஞ்சு விரிந்துகொடுக்காது. ஆகவே, அதே கலன் 10 மீட்டரில் 55 நிமிடங்களுக்கும், 20 மீட்டரில் 37 நிமிடங்களுக்கும் குறைவாகவும், 30 மீட்டரில் 27 நிமிடங்களுக்குமே வரும். பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் இந்த எண்கள் இன்னும் சுருங்கும். ‘ஆழமறியாமல் காலை விடாதே’ என்னும் பழமொழி, முக்குளிப்பாளருக்கு உவமையன்று, நேரடியான அறிவுரை.

மேலும், கலன் முற்றாகத் தீரும்வரை யாரும் நீரில் இருப்பதில்லை. சிலர் காற்றை மூன்று பங்காகப் பிரித்துக்கொள்வர்: ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, மூன்றாம் பங்கு எதிர்பாராத ஒன்றுக்கு. அந்த எதிர்பாராத ஒன்று தமக்கே நேர வேண்டும் என்பதில்லை. துணைவரின் கருவி பழுதானால், அவரும் மூச்சுவிட வேண்டியது அந்தப் பங்கிலிருந்துதான். ஆகவேதான் ஒவ்வொருவருடைய கருவியிலும் கூடுதலாக ஒரு வாய்க்குழல் பொருத்தப்பட்டிருக்கிறது. அது பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் இருக்கும். அது தமக்கன்று, பிறருக்கு.

வழிகாட்டி உடனிருந்தால், அவர் அவ்வப்போது அழுத்தமானியைக் காட்டச் சொல்லிக் கேட்பார். இங்கே அந்தக் கேள்வியைக் கணவன் மனைவியிடமும் மனைவி கணவனிடமும் கேட்க வேண்டும். இருவரில் யாருடைய காற்று விரைவாகக் குறைகிறதோ அவருடைய அளவே இருவருக்கும் அளவு. ஒருவருக்கு இன்னும் பாதிக் கலன் மீதமிருக்கலாம். ஆமை ஒன்று இப்போதுதான் கண்முன் வந்திருக்கலாம். மற்றவரின் மானி திரும்பச் சொன்னால் திரும்பத்தான் வேண்டும். முக்குளிப்பாளர்களிடையே ஒரு வழக்கமும் உண்டு. எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும், யார் வேண்டுமானாலும் முக்குளிப்பை நிறுத்திவிடலாம். காரணம் கேட்டு வாதாடக்கூடாது. பழகிய நண்பர்களைவிடத் தம்பதியருக்கு இது சற்றுக் கடினம் என்றே தோன்றுகிறது. வீட்டில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துப் பழகியவர்கள், ‘எனக்கு இன்று மனம் ஒப்பவில்லை’ என்று சொல்லத் தயங்கி, மற்றவரின் மகிழ்ச்சிக்காக இறங்கிவிடக்கூடும். அந்தத் தயக்கத்தைக் கரையிலேயே உடைத்துவிடுவது நல்லது.

நீருக்குள் பேச முடியாது என்பதால், பேச வேண்டியதை மேலேயே பேசி முடித்துவிடுகிறார்கள். எந்தத் திசையில் போவது, எத்தனை மீட்டருக்குக் கீழே போகக்கூடாது, எந்த அளவில் திரும்புவது, பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்பனவெல்லாம் முன்னரே பேசப்படும். பிரிந்துவிட்டால் ஒரு நிமிடம் தேடிப் பார்த்துவிட்டு, இருவரும் மெல்ல நீர்மட்டத்துக்கு வந்துவிட வேண்டும் என்பது பொதுவான ஏற்பாடு. பிறகு ஒருவர் மற்றவரின் கருவிகளைத் தொட்டுப் பார்த்துச் சரிபார்க்கிறார். கலனின் அடைப்பு முழுமையாகத் திறந்திருக்கிறதா? மிதவைச் சட்டையில் காற்று நிற்கிறதா? ஈயக்கட்டி இடுப்பில் இருக்கிறதா? வார்கள் இறுகியிருக்கின்றனவா? ஒரு வாரத்தில் இருபது முறை இறங்கினாலும் இருபது முறையும் இதைச் செய்ய வேண்டும்.

கீழே இறங்கியபின் கைகளே பேசும். பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினால் ‘நலம்’ என்று பொருள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால், நாம் நினைப்பதுபோல் ‘நன்று’ என்று பொருளன்று. ‘மேலே போவோம்’ என்று பொருள். இதை மறந்து, அழகிய மீனைக் கண்ட மகிழ்ச்சியில் கட்டைவிரலை உயர்த்துபவரின் துணைவர், உடனே முக்குளிப்பை முடித்துக்கொண்டு மேலே கிளம்பிவிடுவார்.

முத்துக்குளித்தல் பற்றி நம் முன்னோரிடம் ஒரு செய்தி வழங்கி வந்துள்ளது. மன்னார் வளைகுடாவில் முத்தெடுக்க இறங்குபவரின் கயிற்றைப் படகிலிருந்து பிடிக்கும் பொறுப்பை அவருடைய மைத்துனரிடம் ஒப்படைப்பார்கள் என்பது அது. தன் உடன்பிறந்தவளின் வாழ்வு அந்தக் கயிற்றில் இருப்பதால் மைத்துனர் கவனம் சிதறமாட்டார் என்பதே அதன் உட்பொருள். இன்று இடையில் கயிறு இல்லை. ஆயினும், துணைவர் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்னும் தேவை மாறவில்லை.

கரையிலிருந்து இறங்குவதில் வேறு சில சிக்கல்களும் உண்டு. முதுகில் கலனும் இடுப்பில் ஈயமும் சுமந்துகொண்டு, உடைந்த பவளக் கற்கள் நிறைந்த வழுக்கலான கரையில் நடக்க வேண்டும். ஆழமற்ற இடத்தில் கடல் முள்ளெலிகள் ஒளிந்திருக்கும். முக்குளிப்பில் காயம்படுவோர் ஆழத்தில்தான் காயப்படுவர் என்று எண்ணுகிறோம். கரைவழி முக்குளிப்பில் கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் முழங்கால் அளவு நீரில்தான். ‘ஆயிரம் படிகள்’ என்று பெயர்பெற்ற தளம் ஒன்று அங்கே இருக்கிறது. உண்மையில் எழுபது படிகள்கூடத் தேறா. கீழே இறங்கும்போது எழுபதாகத் தோன்றும் படிகள், முக்குளித்துவிட்டு ஈரக்கலனுடன் ஏறும்போது ஆயிரமாகிவிடுகின்றன. பெயர் வைத்தவருக்கு அனுபவம் இருந்திருக்கிறது.

நீருக்குள் போனதும் திசை தெரியவேண்டும். மேற்குக் கரையில் இது ஓரளவு எளிது. பாறைத்தொடர் கரைக்கு இணையாகச் செல்வதால், போகும்போது அது வலப்புறம் இருந்தால், வரும்போது இடப்புறம் இருக்கும். நீரோட்டத்தை எதிர்த்து முதலில் போவது வழக்கம். களைப்படைந்து திரும்பும்போது நீரோட்டம் கைகொடுக்கும். நீரோட்டத்தோடு முதலில் போனவர்கள், காற்றுக் குறைந்த நிலையில் அதை எதிர்த்து நீந்தவேண்டி வரும். பாறை விளிம்பைக் கடக்கும் இடத்தில் இருக்கும் ஓர் அடையாளத்தை, அதாவது பெரிய மூளைப்பவளத்தையோ மிதவையின் அடிக்கல்லையோ நினைவில் வைத்துக்கொள்வதும் அவர்களின் பொறுப்பே.

சரிவில் இறங்க இறங்க நிறங்கள் மாறுகின்றன. ஐந்து மீட்டரைத் தாண்டும்போதே சிவப்பு மங்கத் தொடங்கும். பிறகு ஆரஞ்சு, மஞ்சள் என்று ஒவ்வொன்றாக நீர் விழுங்கிவிடும். இருபது மீட்டரில் விரலில் கீறல் பட்டால் இரத்தம் பச்சையாகத் தெரியும். கைவிளக்கை அடித்தால் சாம்பல் நிறமாய் இருந்த கடற்பஞ்சு திடீரென்று செக்கச்செவேலென்று ஒளிரும். கிளிமீன்கள் அலகால் பாறையைச் சுரண்டும் ஓசை தெளிவாகக் கேட்கும். அவை பவளப் பாறையின்மேல் படர்ந்த பாசியைத் தின்று, உடன் விழுங்கும் சுண்ணாம்பை நுண்மணலாக வெளியேற்றுகின்றன. கரிபியக் கடற்கரைகளின் வெண்மணலில் ஒரு பங்கு இம்மீன்களின் வயிற்றின் வழியாக வந்ததே.

இத்தம்பதியர் உயர்நிலைப் பயிற்சி பெற்றவர்களாக இருந்தால், ஹில்மா ஹூக்கர் என்னும் மூழ்கிய கப்பலையும் காணலாம். 72 மீட்டர் நீளமுள்ள அச்சரக்குக் கப்பல் 1984ஆம் ஆண்டில் இயந்திரக் கோளாறுடன் பொனேருக்கு வந்தது. சோதனையிட்டபோது, அதன் மறைவான அறையில் ஏராளமான கஞ்சா பதுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. உரிமை கொண்டாட யாரும் வரவில்லை. பராமரிப்பின்றிக் கிடந்த கப்பலுக்குள் நீர் புகுந்தது. துறைமுகத்திலேயே மூழ்கிவிடும் என்று அஞ்சி வேறோர் இடத்துக்கு இழுத்துச் சென்று நிறுத்தினர். அவ்வாண்டு செப்டம்பர் 12ஆம் நாள் அது மூழ்கியது. இன்று ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்தில், இரண்டு பாறைத்தொடர்களுக்கு இடையிலுள்ள மணற்பரப்பில், வலப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. காற்றுக் கணக்கை மீண்டும் நினைத்துப் பாருங்கள். 30 மீட்டரில் நேரம் மிகக் குறைவு. கப்பலின் உள்ளறைகள் அழைப்பதுபோல் இருக்கும். அதற்கென்று தனிப் பயிற்சி பெறாதவர்கள் உள்ளே நுழையக்கூடாது. தடுத்து நிறுத்த அங்கே எவரும் இல்லை என்பதே இதிலுள்ள சோதனை.

மேலே வருவதிலும் அவசரம் கூடாது. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். அழுத்தம் மிகுந்த ஆழத்தில் அது இரத்தத்திலும் தசைகளிலும் கூடுதலாகக் கரைகிறது. மெல்ல மேலே வந்தால், கரைந்த நைட்ரஜன் நுரையீரல் வழியாக அமைதியாக வெளியேறிவிடும். விரைந்து வந்தால், மூடியைத் திறந்த சோடாப் புட்டியில் நுரை பொங்குவதுபோல் உடலுக்குள் குமிழ்கள் உண்டாகும். மூட்டுவலி முதல் பக்கவாதம்வரை அதனால் நேரலாம். இன்னோர் ஆபத்தும் உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் நிரம்பிய நுரையீரலோடு மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், உள்ளிருக்கும் காற்று இரு மடங்காக விரியப் பார்க்கும். அதனால்தான், ‘மூச்சை ஒருபோதும் அடக்காதே’ என்பது முக்குளிப்பின் முதல் பாடம். இத்தம்பதியர் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடங்கள் நின்று, அதன்பிறகே தலையை வெளியே நீட்டுவர். மணிக்கட்டில் கட்டியிருக்கும் முக்குளிப்புக் கணினி இவ்வளவையும் கணக்கிட்டுச் சொல்லும். எனினும், அது எச்சரிக்கத்தான் செய்யும். கையைப் பிடித்து நிறுத்தாது.

இதுவரை மனிதரின் பாதுகாப்பைப் பார்த்தோம். அவர்கள் காண வந்த பவளப் பாறைகளை யார் பாதுகாக்கிறார்கள்? யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்று விட்டால், சில ஆண்டுகளில் பாறைகள் சிதைந்துவிடாவா? பொனேர் மக்கள் இக்கேள்வியை வெகுகாலத்துக்கு முன்பே எதிர்கொண்டனர். 1962ஆம் ஆண்டு கலிபோர்னியாவைச் சேர்ந்த டான் ஸ்டூவர்ட் என்னும் மாலுமி தம் பாய்மரக் கப்பலில் இத்தீவுக்கு வந்தார். பிறகு இங்கேயே தங்கி முக்குளிப்புத் தொழிலைத் தொடங்கினார். படகுகள் நங்கூரம் பாய்ச்சும் ஒவ்வொரு முறையும் பவளம் நொறுங்குவதைக் கண்ட அவர், படகுகளைக் கட்டுவதற்கு நிலையான மிதவைகளை அமைப்பதில் முன்னின்றார். 1971இல் ஈட்டியால் மீன் குத்துவது தடை செய்யப்பட்டது. 1975இல் பவளம் எடுப்பது தடை செய்யப்பட்டது. 1979இல், தீவைச் சுற்றி உயர் அலைக்கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம்வரை முழுவதும் கடற்பூங்காவாக்கப்பட்டது.

சட்டம் மட்டும் போதவில்லை. பூங்காவை நடத்தப் பணம் இல்லாமல் எண்பதுகளில் நிர்வாகம் தளர்ந்தது. 1992இல் முக்குளிப்பாளர்களிடம் ஆண்டுக்கு 10 டாலர் கட்டணம் வாங்கத் தொடங்கினர். பயணிகள் வராமல் போய்விடுவார்களோ என்ற அச்சம் அப்போது இருந்தது. அவர்கள் வந்தார்கள், பணத்தையும் கொடுத்தார்கள். இன்று அக்கட்டணம் பலமடங்கு உயர்ந்துவிட்டது. பூங்காவைப் பேணும் செலவுக்கு அதுவே முதுகெலும்பு.

விதிகளுள் ஒன்று படிப்பவரைச் சற்றே வியக்க வைக்கும். முக்குளிப்பாளர் கையுறை அணியக்கூடாது. கையைப் பாதுகாக்கும் பொருளை ஏன் தடுக்க வேண்டும்? கையுறை அணிந்தவர் எதையும் துணிந்து தொடுவார்; பவளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெறுங்கை உள்ளவரோ, தீப்பவளம் சுட்டுவிடும் என்ற அச்சத்தில் கையைக் கட்டிக்கொள்வார். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும் மூளைப்பவளத்தின்மேல் ஒருவர் காலூன்றினால், நூறாண்டு வளர்ச்சி ஒரு நொடியில் சேதமடையலாம்.

ஆனால், தொடாமல் இருப்பதால் மட்டும் தடுக்க முடியாத தீங்குகளும் உண்டு. பொனேர் பெரும்பாலான சூறாவளிகளின் பாதைக்குத் தெற்கே இருக்கிறது. எனினும், 1999இல் லென்னி என்னும் சூறாவளி, வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்தது. அது எழுப்பிய அலைகள், அமைதிக்குப் பழகிய மேற்குக் கரைப் பவளங்களை அடித்து நொறுக்கின. 2009இல் சிங்கமீன் இங்கே முதன்முதலாகக் காணப்பட்டது. நம் பகுதிக் கடல்களுக்கு உரிய இம்மீன், கரிபியக் கடலில் எதிரிகள் இல்லாததால் பெருகிச் சிறு மீன்களைத் தின்று தீர்த்தது. ஈட்டிக்கு இடமில்லாத தீவில், இம்மீனைப் பிடிக்க மட்டும் பயிற்சி பெற்றவர்களுக்குத் தனிக்கருவி கொடுத்து அனுமதி வழங்கினார்கள். 2023இல் பவளத் திசுக்களை அழிக்கும் நோய் ஒன்று தீவை அடைந்தது. தளத்துக்குத் தளம் மாறி இறங்கும் முக்குளிப்பாளர்களின் கருவிகள் நோயைப் பரப்பிவிடாமலிருக்க, அவற்றைக் கிருமிநீக்கம் செய்யும்படி கேட்டுக்கொண்டனர். அதே ஆண்டில் கடல்நீர் அளவுமீறி வெப்பமடைந்தது. வெப்பம் தாங்காத பவள உயிரிகள், தமக்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போயின. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசிகள் திரும்பும். தணியாவிட்டால் பவளம் பட்டினியால் மடியும். அறநிறுவனம் ஒன்று கடலுக்கடியில் மரம்போன்ற சட்டங்களை நட்டு, மான்கொம்புப் பவளத் துண்டுகளை அவற்றில் தொங்கவிட்டு வளர்த்து, மீண்டும் பாறைகளில் ஒட்டி வருகிறது. முக்குளிக்க வருவோரும் பயிற்சி பெற்று அப்பணியில் உதவலாம்.

ஒரு வாரம் முடியும் வேளையில் நம் தம்பதியருக்குக் கடலில் இறங்கக்கூடாத நாள் வருகிறது. பலமுறை முக்குளித்தவர்கள், கடைசி முக்குளிப்புக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானத்தில் ஏறக்கூடாது. உயரே செல்லும் விமானத்தில் காற்றழுத்தம் குறைவதால், உடலில் எஞ்சியிருக்கும் நைட்ரஜன் அங்கே குமிழாகிவிடக்கூடும். ஆகவே, கடைசி நாளைப் பலர் தீவின் தெற்கே கழிக்கின்றனர். அங்கே இளஞ்சிவப்பு நிற உப்பளங்களும் பூநாரைகளும் இருக்கின்றன. உப்பை ஏற்றும் பாலத்தின் தூண்களுக்கு இடையே அதற்கு முந்தைய நாள் அவர்கள் மீன்கூட்டங்களைப் பார்த்திருப்பார்கள். சற்றுத் தள்ளி, கடலைப் பார்த்தபடி வரிசையாகச் சிறு கல்வீடுகள் நிற்கின்றன. 1850ஆம் ஆண்டளவில், உப்பளத்தில் வேலைசெய்த அடிமைகள் உறங்குவதற்காகக் கட்டப்பட்டவை அவை. வாயில் இடுப்பளவே இருக்கும். குனிந்து தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். உள்ளே ஒருவர் நிமிர்ந்து நிற்க இயலாது. அவர்களின் குடும்பங்கள் வடக்கே ரின்கோன் என்னும் ஊரில் இருந்தன. வார இறுதியில் வீட்டுக்குப் போக, அவர்கள் பல மணி நேரம் வெயிலில் நடந்தனர். 1863ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள்தான் டச்சு ஆட்சிக்கு உட்பட்ட கரிபியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்தது.

அந்த வீடுகளுக்கு எதிரேயும் ஒரு மஞ்சள் கல் இருக்கிறது. காலையில் வேறொரு வண்டி வந்து நிற்கும். இருவர் இறங்கி, சன்னல்களைத் திறந்து விட்டு, ஒருவர் முதுகிலுள்ள கலனின் அடைப்பை மற்றவர் தொட்டுப் பார்ப்பார்.